யார் அந்த 'நாம்'? 'தி பிளாக் பரேட்' இசைத்தொகுப்பில் மூவிடப் பெயர்களும் கேட்போர் ஏற்பும்

0. முன்னுரை

ஒரு பாடலில் 'நான்' என்று பேசுபவர் யார், 'நீ' என்று விளிக்கப்படுபவர் யார் என்பது இலக்கண வினா. ஆயின் அவ்வினாவுக்குப் பிழையான விடை தரப்படும்போது அதன் விளைவு இலக்கணத்தின் எல்லைக்குள் நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த 'மை கெமிக்கல் ரொமான்ஸ்' என்னும் ராக் இசைக்குழு 2006 அக்டோபரில் 'தி பிளாக் பரேட்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அத்தொகுப்பும் அதற்குக் கிடைத்த வரவேற்பும் எதிர்ப்பும் மேற்கூறிய கருத்துக்குத் தக்க சான்றாகும்.

இத்தொகுப்பைப் பற்றி எழுந்த கருத்து வேறுபாடுகள் சுவை பற்றியன போலவும் ஒழுக்கம் பற்றியன போலவும் தோன்றுகின்றன. ஆனால் அவற்றுள் முதன்மையானவை தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய மூவிடப் பெயர்கள் யாரைச் சுட்டுகின்றன என்பது பற்றியவையே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கிலத்தில் மறைந்து நிற்கும் இச்சிக்கல் தமிழில் மொழிபெயர்க்க முற்படும்போது வெளிப்படையாகிறது. பாடல்களின் இசைக்கூறுகள் விரிவாக ஆராயப்படவில்லை. பேசுவோர், கேட்போர் அமைப்பே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1. தொகுப்பின் அமைப்பு

தனித்தனிப் பாடல்களின் திரட்டாக அமையாமல் ஒரே கருவைச் சுற்றித் தொடர்ச்சியாக அமைக்கப்படும் இசைத்தொகுப்பு ராக் இசையில் புதியதன்று. டேவிட் போவியின் 'ஜிகி ஸ்டார்டஸ்ட்' (1972), பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி வால்' (1979), கிரீன் டே குழுவின் 'அமெரிக்கன் இடியட்' (2004) முதலியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. கடைசியாகக் கூறப்பட்டதன் தயாரிப்பில் பங்கேற்ற ராப் கவாலோவே 'தி பிளாக் பரேட்' தொகுப்பையும் குழுவினருடன் இணைந்து தயாரித்தார்.

தொகுப்பின் கரு எளிது. 'நோயாளி' என்று மட்டும் அழைக்கப்படும் ஒருவன் புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கிறான். மரணம் ஒவ்வொருவருக்கும் அவருடைய மிக இனிய நினைவின் வடிவில் வருகிறது. சிறுவயதில் தந்தையுடன் சென்று கண்ட வாத்திய அணிவகுப்பே இந்நோயாளியின் இனிய நினைவு. ஆகவே மரணம் அவனுக்கு அணிவகுப்பாக வருகிறது. இக்கருவைக் குழுவின் பாடகர் ஜெரார்ட் வே நேர்காணல்களில் விளக்கியுள்ளார். தொகுப்பில் 13 பாடல்கள் உள்ளன. இறுதிப் பாடலுக்குப் பின் ஒரு நெடிய மௌனத்தைத் தொடர்ந்து அறிவிக்கப்படாத பாடல் ஒன்றும் வருகிறது.

நாடகத்தன்மை இத்தொகுப்பின் வெளிப்படையான பண்பு. மருத்துவமனையின் இதயத்துடிப்புக் கருவியின் ஒலியோடு தொகுப்பு தொடங்குகிறது. அணிவகுப்பு முரசும் பித்தளை வாத்தியங்களும் கேளிக்கை அரங்கின் பியானோவும் இடையிடையே வருகின்றன. 'காபரே' (1972) திரைப்படத்தின் நடிகை லைசா மினெல்லி ஒரு பாடலில் தாயின் குரலாக ஒலிக்கிறார். விமரிசகர்கள் பலரும் குயீன் குழுவை நினைவுகூர்ந்ததில் வியப்பில்லை.

கதைக்கோப்பு என்னும் அளவில் நோக்கினால் தொகுப்பு நெகிழ்வானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஹவுஸ் ஆஃப் வுல்வ்ஸ்', 'டீனேஜர்ஸ்' ஆகியவற்றை நோயாளியின் கதையில் பொருத்துவது கடினம். 'தி வால்' தொகுப்பைப் போன்ற நிகழ்ச்சி வரிசை இங்கு இல்லை. இதனைக் குறையாகக் கூறுவோர் உளர். ஆயின் இத்தொகுப்பின் ஒருமை நிகழ்ச்சி வரிசையில் இல்லை. யார் யாரிடம் பேசுகிறார் என்னும் நிலை பாடலுக்குப் பாடல் மாறுவதில்தான் உள்ளது. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர் ஆகிய இரண்டையும் செய்யுளின் உறுப்புகளாக எண்ணியிருப்பது இங்கு நமக்குப் பயன்படும் கருவியாகும்.

2. பேசுவோரும் கேட்போரும்

2.1. முதற் பாடலின் பெயர் 'தி எண்ட்'. 'முடிவு' என்பது பொருள். பெயரின் இறுதியில் முற்றுப்புள்ளியும் இடப்பட்டுள்ளது. இதில் பேசுபவர் நோயாளி அல்லர் என்பது தொடக்கத்திலேயே புலனாகிறது. துயர நிகழ்ச்சி ஒன்றுக்குப் பார்வையாளரை வரவேற்கும் கட்டியங்காரனின் குரல் அது. முன்னிலையில் இருப்பவர் இசையைக் கேட்கும் நாமே. இடைவெளியின்றித் தொடரும் 'டெட்!' என்னும் இரண்டாம் பாடலில் முன்னிலை மாறிவிடுகிறது. இப்போது 'நீ' என்பது நோயாளி. அவன் இறந்துவிட்ட செய்தியை எள்ளலோடு அவனுக்கே அறிவிக்கிறது ஒரு குரல். கேட்பவரின் நிலையிலிருந்து பார்த்தால், முதற்பாடலில் தம்மைச் சுட்டிய 'நீ' அடுத்த பாடலில் இறந்தவனைச் சுட்டுகிறது. பார்வையாளர் இருக்கையிலிருந்து நோயாளியின் படுக்கைக்குக் கேட்பவரை நகர்த்தும் பணியை இங்கு ஒரு முன்னிலைப் பெயரே செய்துவிடுகிறது.

2.2. 'கேன்சர்' என்னும் பாடல் இரண்டரை நிமிடத்திற்கும் குறைவானது. இங்கு நோயாளி நேராகத் தன்மையில் பேசுகிறான். தண்ணீர் கேட்கிறான், உறவினருக்குச் சொல்லி அனுப்பச் சொல்கிறான், தன் தோற்றத்தைக் காணாமல் திரும்பிக்கொள்ளச் சொல்கிறான். ஆங்கிலத்தின் ஒரே முன்னிலைச் சொல் இங்கே செவிலியையும் குறிக்கலாம், காதலியையும் குறிக்கலாம். தமிழில் முதல் வேண்டுகோளிலேயே 'நீ', 'நீங்கள்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 'நீங்கள்' என்றால் மருத்துவமனை அறை; 'நீ' என்றால் வீடு. பாடலின் பிற்பகுதி பிரிவின் துயரைப் பேசுவதால் 'நீ' பொருந்தும் என்பது என் கருத்து. ஆயினும் தண்ணீர் கேட்கும் முதல் வேண்டுகோளில் உள்ள ஈரடிப் பொருள் தமிழில் இழப்பாகிறது.

2.3. மினெல்லி பங்கேற்கும் பாடல் போர்க்களத்திலிருந்து தாய்க்கு எழுதும் மடல் போன்றது. இதன் தலைப்பை ஒலிபெயர்த்தால் 'மாமா' என்றாகித் தமிழர்க்குத் தாயின் உடன்பிறந்தாரே நினைவுக்கு வருவார். 'அம்மா' என்று மொழிபெயர்ப்பதே தக்கது. இப்பாடலில் தன்மைப் பன்மை திரும்பத் திரும்ப வருகிறது. எல்லோரும் நரகத்திற்குரியோர் என்று மகன் கூறும்போது அப்பன்மையில் தாயும் அடங்குகிறாளா? அடங்குகிறாள் என்று கொள்ளும்போதுதான் பாடல் குற்றச்சாட்டாகிறது. அடங்கவில்லை எனில் வெறும் புலம்பலாகிறது.

2.4. 'டீனேஜர்ஸ்' பாடலில் படர்க்கைப் பன்மை இருவேறு பொருளில் வருகிறது. சரணங்களில் 'அவர்கள்' என்பது இளைஞரைச் சீர்திருத்தித் தம் அச்சில் வார்க்க முனையும் பெரியவர்கள். 'நீ' என்பது இளைஞன். பல்லவியிலோ 'அவர்கள்' என்பது பதின்வயதினர். பேசும் 'நான்' அவர்களைக் கண்டு அஞ்சுபவன். நியூயார்க் சுரங்க ரயிலில் பதின்வயதினர் நடுவே பயணம் செய்தபோது தமக்கு ஏற்பட்ட அச்சத்திலிருந்து இப்பாடல் பிறந்ததாக வே கூறியுள்ளார். அரங்குகளில் இப்பல்லவியை உரக்கப் பாடியவர்கள் பெரும்பாலும் பதின்வயதினரே என்பது கருதத்தக்கது. அவர்கள் தங்களைப் படர்க்கையில் வைத்து, தங்களைக் கண்டு அஞ்சுபவனின் தன்மையில் பாடினார்கள். பாடலின் 'நான்' வேறு, பாடுவோர் வேறு என்பதை நன்கு அறிந்திருந்தோரே இவ்வாறு செய்ய இயலும். தமிழில் 'இவர்கள்', 'அவர்கள்' என்னும் அண்மை, சேய்மைச் சுட்டு வேறுபாட்டைப் பயன்படுத்தி இவ்விரு படர்க்கைகளையும் பிரித்துக் காட்ட இயலும். ஆயின் அவ்வாறு பிரித்துவிட்டால் அச்சுறுத்துவோரும் அச்சுறுத்தப்படுவோரும் ஒரே சொல்லில் நிற்கும் நயம் போய்விடும்.

3. நாங்களா, நாமா?

தொகுப்பின் மையம் 'வெல்கம் டு த பிளாக் பரேட்'. ஒற்றைப் பியானோச் சுரத்தோடு தொடங்கும் இப்பாடலில் நோயாளி தன் சிறுவயது நினைவைத் தன்மை ஒருமையில் கூறுகிறான். அக்கூற்றுக்குள் தந்தையின் கூற்று மேற்கோளாக வருகிறது. அதில் மகன் முன்னிலை. பின்னர்ப் பாடல் வேகம் கொண்டு பல்லவிக்கு வரும்போது தன்மை ஒருமை மறைந்து தன்மைப் பன்மை தோன்றுகிறது. அப்பன்மையினர் இறந்துபோன ஒருவரை முன்னிலைப்படுத்தி, அவருடைய நினைவு தொடரும், தாங்களும் தொடர்ந்து செல்வோம் என்று உறுதி கூறுகின்றனர். அதாவது சற்றுமுன் 'நான்' என்று பேசியவன் இப்போது 'நீ' ஆகிவிட்டான்.

ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை முன்னிலையாரை உளப்படுத்துகிறதா இல்லையா என்பதைக் காட்டுவதில்லை. பழந்தமிழில் 'நாம்', 'யாம்' என்றும் இக்காலத் தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்றும் இவ்வேறுபாடு தெளிவாக உள்ளது. எனவே இப்பல்லவியைத் தமிழாக்குவோர் முடிவெடுத்தே ஆக வேண்டும். வாக்கிய அமைப்பை மட்டும் நோக்கினால் விடை ஐயத்திற்கிடமற்றது. முன்னிலையார் இறந்துவிட்டார், தொடர்ந்து செல்வோர் வாழ்வோர், ஆகவே 'நாங்கள்' என்பதே இலக்கண முறைப்படி சரி. இறந்தவரை முன்னிலைப்படுத்திப் பேசும் நம் கையறுநிலைப் பாடல்களிலும் எஞ்சியோரின் பன்மை இறந்தோரை உளப்படுத்தாததே இயல்பு.

ஆனால் இப்பல்லவி எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதை நோக்கினால் விடை மாறுகிறது. அரங்கில் பல்லாயிரவர் சேர்ந்து பாடும்போது ஒவ்வொருவரும் அருகில் நிற்பவரையும் மேடையில் நிற்பவரையும் உளப்படுத்தியே அப்பன்மையை ஒலிக்கின்றனர். அவர்களுக்கு அது 'நாம்'. இறந்த நோயாளி என்னும் முன்னிலை அவ்வேளையில் பின்னுக்குச் செல்கிறது. அல்லது ஒவ்வொருவரும் இழந்த ஒருவர் அவ்விடத்தில் அமர்கிறார். பனுவலின் 'நாங்கள்' பயன்பாட்டில் 'நாம்' ஆகும் இம்மாற்றமே தொகுப்பின் வெற்றிக்கு அடிப்படை எனலாம். மொழிபெயர்ப்பாளர் பனுவலைப் பின்பற்றுவதா, பயன்பாட்டைப் பின்பற்றுவதா என்பது வாய்பாட்டால் தீர்க்கத்தக்கதன்று. படிப்பதற்கான பெயர்ப்பில் 'நாங்கள்' என்றும், பாடுவதற்கான பெயர்ப்பில் 'நாம்' என்றும் அமைப்பது ஒரு வழி.

தலைப்பும் இதே சிக்கலுக்குட்பட்டது. 'அணிவகுப்பு' என்றால் சீருடையும் ஒழுங்கும் வருகின்றன. சாமுவேல் பேயர் இயக்கிய ஒளிப்படக் காட்சியில் குழுவினர் அணிந்த கறுப்புச் சீருடைக்கு அது பொருந்துகிறது. 'ஊர்வலம்' என்றால் திருவிழாவும் இறுதிச் சடங்கும் ஒருங்கே வருகின்றன. சிறுவனின் மகிழ்ச்சியும் நோயாளியின் சாவும் ஒரே உருவத்தில் இணைவதே கரு என்பதால் 'கறுப்பு ஊர்வலம்' என்பதையே நான் விரும்புவேன். இறுதிப் பாடலின் தலைப்பான 'ஃபேமஸ் லாஸ்ட் வேர்ட்ஸ்' என்பதோ ஆங்கிலத்தில் ஒருவரின் மிகையான உறுதிமொழியை எள்ளப் பயன்படும் தொடர். 'புகழ்பெற்ற கடைசிச் சொற்கள்' என்றால் எள்ளல் போய்விடும். எள்ளலான தலைப்பின்கீழ் வாழ்வைத் தொடரத் துணியும் முடிவைப் பாடல் எள்ளலின்றி அறிவிக்கிறது என்பதால் இவ்விழப்பு சிறியதன்று.

4. ஏற்பும் மறுப்பும்

4.1. வெளியான முதல் வாரத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ 2,40,000 படிகள் விற்றுத் தொகுப்பு பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது. தலைப்புப் பாடல் பிரிட்டனின் தனிப்பாடல் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆயின் இசையை விடவும் அதன்மேல் ஒட்டப்பட்ட 'எமோ' என்னும் சொல்லே மிகுதியாகப் பேசப்பட்டது.

அச்சொல்லின் வரலாறு சுருக்கமாக அறியத்தக்கது. 1980களின் நடுப்பகுதியில் வாஷிங்டன் நகரின் ஹார்ட்கோர் பங்க் இசையில், உணர்ச்சி வெளிப்பாடு மிக்க ஒரு போக்கைக் குறிக்க எழுந்த தொடரின் குறுக்கமே 'எமோ'. முதலில் இசைக்கு அடையாக நின்ற சொல், பின்னர் உடைக்கும் சிகையலங்காரத்திற்கும் அடையாகி, இறுதியில் ஆட்பெயராகிப் பன்மை விகுதியும் பெற்றது. இவ்வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும் சொல்லின் மூலப்பொருள் தேய்ந்து சமூகப் பொருள் மிகுந்தது. வே இம்முத்திரையை வெளிப்படையாக மறுத்தார். எனவே தமிழில் இதனை உணர்ச்சி என்னும் அடியாகப் பெயர்ப்பது சொற்பிறப்பைப் பெயர்ப்பதாகுமே தவிர சொல்லைப் பெயர்ப்பதாகாது. ஒலிபெயர்ப்பே ஏற்றது.

4.2. லண்டனிலிருந்து வெளிவரும் 'டெய்லி மெயில்' நாளிதழ் 2006இலும் 2008இலும் எமோவை இளைஞருக்கு ஊறு விளைவிக்கும் வழிபாட்டுக்குழு போலச் சித்திரித்தது. 2008 மே மாதத்தில் இங்கிலாந்தில் ஒரு சிறுமியின் மரணம் குறித்த விசாரணையைத் தொடர்ந்து இச்சித்திரிப்பு வலுப்பெற்றது. எமோக்கள் இறந்தபின் செல்வதாக நம்பும் இடமே பிளாக் பரேட் என்னும் விளக்கம் அப்போது செய்தியாக அச்சிடப்பட்டது. இவ்விளக்கம் மொழியியல் நோக்கில் ஆராயத்தக்கது. ஒரு கற்பனைப் பாத்திரத்திற்கு மட்டும் உரிய உருவகம், அதைக் கேட்போர் அனைவரின் நம்பிக்கையாகக் கொள்ளப்பட்டது. பாத்திரத்தின் 'நான்' கேட்பவரின் 'நான்' ஆக்கப்பட்டது. கட்டியங்காரனின் அழைப்பு ஏவல் வினையாகவே படிக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் தாங்கொணாத் துயருக்குக் காரணம் தேடிய வேளையில் கூற்று யாருடையது என்று ஒருவரும் வினவவில்லை.

இதற்கு விடையிறுத்தவர்கள் கேட்போரே. 2008 மே 31 அன்று இளைஞர்கள் அந்நாளிதழின் லண்டன் அலுவலகத்தின்முன் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். வந்தவர்கள் பெருங்கூட்டம் அல்லர். ஆயின் தங்களைப் படர்க்கையில் வைத்துப் பேசியவர்களின் வாயிலில் தன்மையில் பேச வந்தவர்கள் அவர்கள் என்பதே முக்கியம். குழுவும் தன் பங்கிற்கு இரங்கல் தெரிவித்து, வன்முறைக்கும் தற்கொலைக்கும் எதிரான நிலைப்பாடே தன்னுடையது என அறிக்கை வெளியிட்டது. தொகுப்பின் இறுதிப் பாடலை முழுமையாகக் கேட்டோர்க்கு இது புதிய செய்தியன்று.

4.3. பெயர்ச்சொல் ஒன்று ஆட்களைக் குறிக்கத் தொடங்கியபின் அவ்வாட்கள் இலக்காவதும் நிகழ்ந்தது. 2008 மார்ச்சில் மெக்சிகோவின் கெரேத்தாரோ நகரில் எமோக்கள் எனக் கருதப்பட்ட இளைஞர்கள் பொதுவிடத்தில் திரண்ட கும்பலால் தாக்கப்பட்டனர். இவ்வன்முறைக்கு அங்குள்ள சமூகக் காரணங்கள் உண்டு; ஓர் இசைத்தொகுப்பை அதற்குப் பொறுப்பாக்குவது தவறு. ஆயினும் சிகையையும் உடையையும் கொண்டு 'அவர்கள்' என்று ஒரு படர்க்கை உருவாக்கப்பட்டது இத்தாக்குதலுக்கு வழிவகுத்தது என்பதை மறுக்க இயலாது. அதே நாட்டின் தலைநகரில்தான், அதற்குச் சில மாதங்கள் முன், 2007 அக்டோபரில், குழு இறுதியாகக் கறுப்பு அணிவகுப்பு வேடத்தில் இசைத்தது. அந்நிகழ்ச்சி அடுத்த ஆண்டு 'தி பிளாக் பரேட் இஸ் டெட்!' என்னும் பெயரில் வெளியாயிற்று.

4.4. கேட்போர் பாத்திரத்தையும் பாடகரையும் பிரித்தறியத் தொடக்கத்திலிருந்தே பழக்கப்படுத்தப்பட்டனர். 2006 ஆகஸ்டில் லண்டன் ஹேமர்ஸ்மித் பாலே அரங்கில், மை கெமிக்கல் ரொமான்ஸ் வர இயலவில்லை, மாற்றாக தி பிளாக் பரேட் இசைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. முதலில் சினந்த கூட்டம், சீருடையில் வந்தவர்கள் அதே குழுவினரே என்று கண்டு ஆர்ப்பரித்தது. பெயரை மாற்றி அணியலாம், வேடத்தைக் களையலாம் என்பதை அன்றே அவர்கள் அறிந்தனர்.

குழு 2013இல் பிரிந்தது. 2016 ஜூலையில் தலைப்புப் பாடலின் முதற்சுரமும் ஒரு தேதியும் கொண்ட சிறு காட்சி வெளியானபோது, குழு மீண்டும் இணைகிறது என்ற ஊகம் பரவியது. அது பத்தாம் ஆண்டு மறுவெளியீட்டிற்கான அறிவிப்பே. ஆயினும் ஒரேயொரு சுரம் ஒரு முழுப் பாடலையும் அதைப் பாடிய 'நாம்' என்னும் திரளையும் குறிக்கும் அடையாளக் குறியாகிவிட்டமைக்கு அந்நிகழ்ச்சி சான்று. குழு 2019இல் உண்மையாகவே இணைந்தது.

2025 ஜூலையில் சியாட்டிலில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் தொகுப்பு முழுவதும் பெருந்திடல்களில் நிகழ்த்தப்பெற்றது. இம்முறை டிராக் என்னும் கற்பனைச் சர்வாதிகார நாடு களமாயிற்று. அந்நாட்டுக்கெனத் தனி எழுத்தும் புனையப்பட்டது. பார்வையாளர் அட்டைகளை உயர்த்தி, மேடையில் தண்டனைக்குக் காத்திருப்போர் குறித்து ஆம் அல்லது இல்லை என வாக்களிக்குமாறு கேட்கப்பட்டனர். ஒன்றாகப் பாடி ஆறுதல் பெற்ற அதே 'நாம்' இங்குத் தீர்ப்பளிக்கும் 'நாம்' ஆகிறது. பன்மையில் சேர்வதற்கு ஒரு விலை உண்டு என்பதை இவ்வமைப்பு உணர்த்துகிறது.

5. முடிவுரை

'தி பிளாக் பரேட்' குறையற்ற படைப்பன்று. அதன் கதை தளர்வானது. மிகை அதன் இயல்பு. ஆயின் பேசுவோரையும் கேட்போரையும் அது இடம்மாற்றி அமைத்த முறை தேர்ந்தது. அம்முறையை இதழாளரைவிடப் பதின்வயதினர் சரியாகப் புரிந்துகொண்டனர் என்பதே அதன் ஏற்பு வரலாறு காட்டும் உண்மை. பெயர்ச்சொற்களின் சுட்டுப்பொருளைக் கற்றோர் தவறவிட்டனர். பாடிப் பழகியோர் தவறவிடவில்லை.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதிலிருந்து பெறப்படும் பாடம் ஒன்றுண்டு. மூவிடப் பெயர்கள் பெயர்ப்பில் தாமே வந்து அமைபவை என்று கருதிச் சொல்வளத்திற்கும் உருவகத்திற்கும் நாம் மிகுதியாக உழைக்கிறோம். 'நான்' யார், 'நாம்' யாரை உளப்படுத்துகிறது என்பதை முதலில் தெளிந்த பின்னரே எஞ்சிய சொற்களுக்குச் செல்ல வேண்டும். 'நாங்கள்' என்றோ 'நாம்' என்றோ எழுதும் கணத்தில், யார் கூட்டத்தின் உள்ளே, யார் வெளியே என்பதையும் மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்துவிடுகிறார்.